அப்பாவின் லீவர் ரைபிள் என் பெயருக்கு வந்த கதை

வீட்டில் லைசென்ஸ் உள்ள பழைய வேட்டை ரைபிள் இருந்தால், அதை வைத்திருக்கும் பெரியவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே அடுத்தவர் பெயருக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். பெங்களூரில் எங்கள் அப்பாவின் வின்செஸ்டர் 94 ரைபிளை என் பெயருக்கு மாற்றி முடித்திருக்கிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல முடிந்ததால்தான் அது நடந்தது.

தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டபோது, மூட்டை கட்டிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் இதை வாங்கினார். பிறகு அப்பா பெயருக்கு வந்தது, அப்பாவோடு பெங்களூர் அல்சூருக்கு வந்தது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் எங்கள் வீட்டில் யாரும் இதைக் காட்டுக்கு எடுத்துப் போனதில்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைப்பதோடு சரி.

இந்த ரைபிளில் எனக்குப் பிடித்தது அதன் கட்டை. பிடிப் பகுதியில் வளைவு கிடையாது. லீவருக்கு (தோட்டா ஏற்ற விசைக்குக் கீழே தள்ளும் கைப்பிடி) பின்னாலிருந்து தோள் வரை ஒரே நேர்கோடாகப் போகிற வால்நட் மரம். கை வைக்கிற இடத்தில் மட்டும் மரம் கறுத்து வழுவழுப்பாகியிருக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த மாடல் இது. 1895ல் இதற்கென வந்த தர்ட்டி-தர்ட்டி தோட்டாதான் அமெரிக்காவில் புகையில்லா வெடிமருந்தோடு வந்த முதல் சிறு விட்ட வேட்டைத் தோட்டா. மொத்தம் 70 லட்சத்துக்கு மேல் செய்த மாடல் என்றாலும் நம் நாட்டில் இருப்பவை குறைவு. 1980களின் நடுவில் தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வதை அரசு நிறுத்தியதால், அதற்கு முன் வந்து சேர்ந்தவை மட்டுமே இங்கே கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாரிசு கவனிக்காமல் விட்டால் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

அதிலும் சேகரிப்பு என்று சொல்லிக்கொள்ள இங்கே இடம் குறைவு. 2019 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதுவரை மூன்று. வாரிசாக வருகிறவையும் இந்தக் கணக்கில் சேரும். அப்பாவிடம் மூன்று இருந்தன. ஓராண்டுக்குள் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்றபோது .22 ரைபிளைக் கொடுத்துவிட்டு, வின்செஸ்டரையும் பன்னிரண்டு போர் ('போர்' என்பது குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியையும் வைத்துக்கொண்டார். அன்று மாலை முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் 25ஆவது விதிதான் நமக்கு வேண்டியது. லைசென்ஸ்தாரர் இறந்தபின் மட்டும் வாரிசுக்குத் தரலாம் என்றில்லை. அவருக்கு 70 வயது ஆனாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. அப்பாவுக்கு இரண்டுமே பொருந்தியது. பழைய லைசென்ஸ் அப்படியே கைமாறாது என்பதையும் மனதில் வையுங்கள். வாரிசுக்குப் புது லைசென்ஸ் தருவார்கள், துப்பாக்கி அதில் ஏறும்.

விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் நாங்கள் செய்த ஒரு வேலையை எல்லோரும் செய்யச் சொல்வேன். ரைபிளை மேசைமேல் வைத்து, காலி என்று உறுதி செய்துகொண்டு, டார்ச் அடித்து அதில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் தாளில் எழுதினோம். அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று இடங்களில் இடித்தது.

முதலாவது எண். வின்செஸ்டர் 94ல் எண் ரிசீவரின் (இயங்கு பாகங்கள் இருக்கும் நடு உலோகப் பகுதி) அடியில், முன்பக்கம் இருக்கும். ரைபிளில் ஏழு இலக்கம், புத்தகத்தில் ஆறு. எப்போதோ கையால் நகலெடுத்தவர் ஒரு சுழியை விட்டுவிட்டார். இரண்டாவது, தயாரிப்பு ஆண்டு என்ற இடத்தில் 1894 என்றிருந்தது. பேரலில், அதாவது குழலில், '1894 ஆகஸ்ட் 21' என்று பொறித்திருப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அது காப்புரிமை கிடைத்த தேதி. இந்த மாடலில் பத்து லட்சமாவது ரைபிள் 1927ல் அமெரிக்க அதிபர் கூலிட்ஜுக்குப் போனது. எங்களுடையது பத்து லட்சத்தைத் தாண்டிய எண், ஆகவே 1894ல் செய்ததாக இருக்க வழியே இல்லை. மூன்றாவது, செய்த நாடு இங்கிலாந்து என்றிருந்தது. பேரலிலேயே பிரிட்டிஷ் சோதனை முத்திரைக்குப் பக்கத்தில் 'நாட் இங்கிலீஷ் மேக்' என்று அடித்திருக்கிறது! வெளிநாட்டுத் துப்பாக்கி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தால் அங்கே சோதித்து இப்படி முத்திரை போடுவது அந்தக் கால வழக்கம். எங்கள் ரைபிள் அமெரிக்காவின் நியூ ஹேவனில் பிறந்து, இங்கிலாந்து வழியாக கோலாருக்கு வந்திருக்கிறது என்பதை பேரலில் உள்ள இந்த எழுத்துகளிலிருந்துதான் தெரிந்துகொண்டோம்.

இந்தத் திருத்தங்களை அப்பாவின் புத்தகத்தில் முதலில் செய்துகொண்டு, அதற்குப் பிறகே மாற்றத்துக்கு விண்ணப்பித்தோம். இந்த வரிசை முக்கியம். தவறான எண்ணோடு விண்ணப்பம் போனால், புத்தகத்தில் உள்ள துப்பாக்கி வேறு, வீட்டில் உள்ளது வேறு என்று ஆகிவிடும். லைசென்ஸ்தாரர் இல்லாத நிலையில் அதை விளக்க யார் இருக்கிறார்கள்? அப்பா தன் கையால் கடிதம் எழுதி, பழைய புதுப்பித்தல் பக்கங்களின் நகல்களை இணைத்தார். போலீஸ் ஆயுதப் பிரிவில் ரைபிளைப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள்.

அந்தப் பரிசோதனையில் ஒரு சங்கதி. லீவர் ரைபிளைக் கையாண்டவர்கள் இப்போது எங்குமே குறைவு. போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் தண்டு) இழுத்துப் பார்த்தே பழகிய கை, இதில் எதை இழுப்பது என்று தயங்கும். அப்பா அனுமதி கேட்டு வாங்கி, குழலைச் சுவரை நோக்கி வைத்து, விசைப்பக்கம் விரல் போகாமல் லீவரை முழுக்கக் கீழே தள்ளினார். போல்ட் பின்னால் வந்து, மேல்பக்கம் திறந்தது. குழலின் தோட்டா அறையில் ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டு, குழலுக்குக் கீழே இருக்கிற மேகசின் குழாயும் காலிதான் என்று காட்டினார். அந்தக் குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும் என்பதால் இதற்கு மூக்கு தட்டையான தோட்டாதான் போட வேண்டும், கூர்முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் (அடியில் இருக்கும் பற்றவைப்பு மூடி) இடிக்கும் என்றும் விளக்கினார். பார்த்த அதிகாரி ரொம்ப ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். புத்தகத்தில் வெறுமனே '30 போர்' என்றிருந்த இடத்தில், பேரலில் உள்ளபடி '30 டபிள்யூ.சி.எஃப்.' (அந்தத் தர்ட்டி-தர்ட்டி தோட்டாவுக்கு வின்செஸ்டர் வைத்த பெயர்) என்று எழுதச் சொல்லிக் கேட்டோம். ராணுவ .303 என்று யாரும் பின்னால் குழப்பிக்கொள்ளக் கூடாது அல்லவா.

மற்றவை பொறுமை இருந்தால் முடிகிற வேலைகள். ஏ-1 விண்ணப்பம், நாடகச்சேரியில் (கர்நாடக அரசின் வருவாய்த் துறைச் சேவை அலுவலகம்) வாங்கிய வம்சவிருட்சச் சான்று, அம்மாவும் தம்பியும் கொடுத்த ஆட்சேபணையில்லா அஃபிடவிட், உடல்நலமும் மனநலமும் சரி என்ற மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்று. பயிற்சியை வெறும் சடங்காக நினைக்காதீர்கள், நான் நிறையக் கற்றுக்கொண்டேன். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தவர் எங்கே பூட்டி வைப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். சுவரோடு போல்ட் போட்ட இரும்பு அலமாரியைக் காட்டினேன். பெண் கேட்கிறாளே என்று யாரும் தடை சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் மட்டும் சொன்னார்கள்.

இடையில் கிடைத்த இரண்டு அறிவுரைகளை நாங்கள் ஏற்கவில்லை. பழங்காலப் பொருள் என்று சொல்லிவிட்டால் லைசென்ஸே வேண்டாம் என்றார் ஒருவர். ஆயுதச் சட்டம் 45ஆவது பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்டு, ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழைய ஆயுதத்துக்கு அது. எங்களுடையது நன்றாகவே வேலை செய்கிறது. குடகில் கொடவர்களுக்கு உள்ள விலக்கைக் காட்டி, கர்நாடகத்தில் எல்லோருக்கும் உண்டு என்று பேசுகிறவர்களையும் நம்பாதீர்கள். இன்னொருவர், இரும்பைப் புதிதாகக் கறுப்பேற்றி, மரத்தைத் தேய்த்து வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்றார். 1964க்கு முன் செய்த வின்செஸ்டருக்குச் சேகரிப்பவர்களிடம் இருக்கும் மரியாதையே அதன் அசல் உடம்புக்குத்தான். அறுபது எழுபது வருடம் கைபட்டு வந்த நிறத்தை ஒரே மதியத்தில் தேய்த்துப் போட்டுவிட்டால் திரும்ப வராது. மென்மையான துணி, கொஞ்சம் எண்ணெய், போதும். பெங்களூர் மழைக்காலத்தில் தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் துருவாக்கிவிடும்.

ஆவணங்கள் நடக்கும் காலத்தில் லைசென்ஸ் உள்ள கன் ஹவுஸில் (துப்பாக்கிக் கடை) ரைபிளை ஒப்படைத்து வைத்திருந்தோம். ஒப்படைக்கும்போதே எண்ணையும், கட்டையில் இருக்கும் கீறல்களையும் ரசீதில் எழுதி வாங்கினேன். திரும்ப எடுத்தபோது அந்த ரசீதை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

புது லைசென்ஸ் ஐந்து வருடத்துக்கு. எண், போர், செய்த நாடு எல்லாம் சரியாக இருக்கின்றன. பன்னிரண்டு போர் இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. அதைத் தம்பி எடுத்துக்கொள்கிறான். அவன் முகவரி சென்னை என்பதால் அங்கே உள்ள கமிஷனர் அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த முறை அவன் வரும்போது இரட்டைக் குழலின் எழுத்துகளையும் டார்ச் அடித்துத் தாளில் எழுதி, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம்.