பால்கனித் தாத்தாக்கள்

"அம்மா, தாத்தாங்க ரெண்டு பேரையும் தூக்கப் போறாங்களாம்."

கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நாகர்கோவிலில் ஒரு தாத்தா, மதுரையில் ஒரு தாத்தா. இருவரும் எண்பதை எட்டிப் பிடிக்கும் வயதுக்காரர்கள். 'தூக்குவது' என்ற சொல்லை அந்த வயதுக்காரர்களுக்கு வைத்து எங்கள் ஊரில் யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட மாட்டார்கள். கிரைண்டரை அணைத்துவிட்டுத் திரும்பினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது.

மகள் போனைக் காட்டினாள். "நம்ம பால்கனித் தாத்தாங்கம்மா. மப்பெட் ஷோவ மூடுறாங்களாம்."

2024 நவம்பர் மாதம் அது. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஆர்லாண்டோவில், டிஸ்னியின் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குள் 'மப்பெட் விஷன்' என்று ஒரு முப்பரிமாண நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. 1991 மே 16-ல் தொடங்கியது. மப்பெட் என்றால் துணியில் செய்த கைப்பொம்மைகள்: ஒரு தவளை, ஒரு பன்றி, ஒரு கரடி, பேசிய எதுவும் புரியாத ஒரு சமையல்காரர். சிவப்புத் திரை தொங்கும் அரங்கில் வலப்பக்கம் மேலே ஒரு சின்ன பால்கனி. அதில் இரண்டு கிழவர் பொம்மைகள் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை காட்சியைத் திட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டாட்லர், வால்டார்ஃப் என்று பெயர். எங்கள் வீட்டில் அவர்கள் பால்கனித் தாத்தாக்கள்.

செய்தியைக் கேட்டு வருத்தப்பட்டேன் என்று சொன்னால் போதாது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "ஒரு ஷோதானே" என்றார் கணவர். அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் சொன்னார்.

2011-ல் நான் இங்கே வந்தபோது எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எம்.எஸ்ஸி. படித்தவள், நாகர்கோவிலில் இரண்டு வருடம் பாடம் நடத்தியவள். வங்கி, கடை, மருத்துவர் என்று எங்கே போனாலும் பேசிச் சமாளித்தேன். சிரிப்பு மட்டும்தான் வசப்படவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் ஏதோ சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், அவர்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில் எனக்கு அர்த்தம் வந்து சேரும். அப்புறம் சிரித்தால் தனியாகச் சிரிக்க வேண்டும். சிரிக்காமல் இருந்தால் முசுடு. ஊரில் எங்கள் தெருவிலேயே சத்தமாகச் சிரிப்பவள் நான். "பெண்பிள்ளை சிரிப்பு தெருமுனை வரை கேட்கக் கூடாது" என்று ஆச்சியிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவள். அந்தச் சிரிப்பு இங்கே வந்து ஆறு மாதம் வாயைத் திறக்கவே இல்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு நாள், வெயிலுக்கு ஒதுங்கத்தான் அந்த அரங்குக்குள் போனோம். உள்ளே ஏசி நன்றாக இருக்கும் என்று கணவரின் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். கண்ணாடியைக் கொடுத்தார்கள், மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மலிவான முப்பரிமாண வித்தை எதுவும் காட்ட மாட்டோம் என்று தவளை வாக்குக் கொடுத்தது. அடுத்த நிமிடமே கரடி ஒரு பூவிலிருந்து தண்ணீரைப் பீய்ச்ச, நிஜமாகவே என் முகத்தில் தண்ணீர் தெறித்தது. நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாவும் அதே நொடியில் சிரித்தார். முன் வரிசைப் பையன்கள், பின் வரிசைத் தாத்தா, ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில். ஒரு நொடிகூட நான் பிந்தவில்லை. இந்த நாட்டில் நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அது.

வெளியே வந்ததும் வாசலில் இருந்த நீரூற்றுக்கு முன்னால் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஊற்றின் உச்சியில் லிபர்ட்டி சிலை போல விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி பன்றியம்மா நிற்பாள். இரவு அம்மா போனில் கேட்டாள், "சுதந்திரதேவி சிலைன்னு எல்லாருக்கும் காட்டினேன் மக்ளே. கண்ணாடி போட்டுப் பாத்தா மூஞ்சி பன்னி கணக்கா இருக்கு. அமெரிக்காவுல அப்படித்தான் வச்சிருக்கானுவளா?"

அதன் பிறகு ஃப்ளோரிடா வாசிகளுக்கான வருடாந்திர பாஸ் எடுத்தோம். எத்தனை தடவை போனோம் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று பிடிபடும். நுழைவாயிலில் காவலர் அறை ஒன்று உண்டு. ஐந்து நிமிடத்தில் வருகிறேன், சாவி மிதியடிக்குக் கீழே இருக்கிறது என்று அதில் ஒரு பலகை. எல்லோரும் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு நாள் குனிந்து மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். கீழே சாவி இருந்தது! எங்கள் வீட்டுச் சாவி ஓட்டு இடுக்கில் இருக்கும். அது தெருவுக்கே தெரியும், பால்காரருக்கும் தெரியும். இங்கே எங்கள் வீட்டுக் கதவுக்குச் சாவியே கிடையாது, ஆறு எண்கள்தான். அன்றைக்கு மிதியடியைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ, மகள் வந்து தோளைத் தட்டினாள்.

காத்திருக்கும் கூடத்தில் மேலே ஒரு வலை தொங்கும். அதில் வண்ண வண்ணமாக ஜெல்லி கட்டிகள். ஏன் தொங்குகிறது என்று இரண்டு வருடம் எனக்கு விளங்கவில்லை. ஒரு தடவை பக்கத்தில் நின்ற, வயது அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணியிடம் கேட்டேவிட்டேன். "வாய்விட்டுச் சொல்லிப் பார்" என்றார். எ நெட் ஃபுல் ஓ ஜெல்லோ, அதாவது வலை நிறைய ஜெல்லி. அனெட் ஃபுனிசெல்லோ! 1955-ல் தொடங்கிய மிக்கி மவுஸ் கிளப் என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்த சிறுமி அவர். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தோழி. 2013-ல் அவர் இறந்த அன்று அழுததாக அந்தப் பெண்மணி சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கியது, அடுத்த நொடி வலையைப் பார்த்துச் சிரித்தார். சிலேடை நமக்குப் புதிதா? காளமேகப் புலவரைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். இன்னொரு மொழியின் சிலேடை காதில் விழுந்து உடைந்த அன்று, இந்த ஊர் எனக்குள் ஒரு படி இறங்கி வந்தது.

2016-ல் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மாவுக்கு இந்த வீட்டில் பொழுது போனது. அப்பாவுக்குப் போகவில்லை. ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு அம்மன் கோயில் படிப்புரைக்குப் போய்விடுவார். அங்கே ஏற்கெனவே நாலு பேர் இருப்பார்கள், எட்டு மணி வரை போகிறவர் வருகிறவர் எல்லோரையும் விமர்சனம் செய்வார்கள். இங்கே தெருவில் போக ஆள் வேண்டுமே! கேரேஜ் வாசலில் நாற்காலி போட்டு மூன்று நாள் உட்கார்ந்தார். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் கையசைத்தார். அவ்வளவுதான்.

நாலாவது நாள் அவரை மப்பெட்டுக்குக் கூட்டிப்போனேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தந்தி அளவுக்குத்தான். காட்சி தொடங்கிப் பத்து நிமிடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். திரையைப் பார்க்கவே இல்லை, பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லுகானுவோ ரெண்டு பேரும்?"

"ஷோ நல்லால்லன்னு சொல்றாங்கப்பா."

"நல்லால்லன்னா எந்திச்சுப் போக வேண்டியதுதானே?"

போக மாட்டார்கள், தினமும் வந்து திட்டுவார்கள் என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்தது பாருங்கள், ஒரு மாதத்தில் முதல் தடவை. "ஏ மக்ளே, இது நம்ம உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும்லா!"

நாஞ்சில் நாட்டுப் பக்கம் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்த இருவரையும் அறிமுகப்படுத்த வேண்டாம். ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகள், வெள்ளை வேட்டித் திரைக்குப் பின்னால் விளக்கு, பக்கத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும். ராமாயணம் பத்து நாள் நடக்கும். ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் ஒரே ஆள்தான் குரல். நாங்கள் காத்திருப்பது உச்சிக்குடும்பனுக்கு. தலையில் நட்டுக்குத்தலாக ஒரு குடுமி. அவனும் உளுவத்தலையனும் இடையில் வந்து ஊர்ப் பெரியவரையும் ரேஷன் கடையையும் மாமியாரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவார்கள். பட்டாபிஷேகம் முடிந்தால் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. வானம் பொய்த்த வருடங்களில் அதற்காகவே கூத்து வைப்பார்கள்.

அன்று அரங்கில் ஒரு முயல்குட்டி கோபித்துக்கொண்டு ஓடிப்போய்விட, அதைத் தேடி ஸ்வீட்டம்ஸ் என்ற ராட்சதன் திரையிலிருந்து கூட்டத்துக்குள் வந்தான். அது படம் இல்லை, வேடம் போட்ட நிஜ ஆள். முயலைப் பார்த்தீர்களா என்று கேட்டபடி எங்கள் வரிசைக்கு நேராக நின்றான். அப்பா எழுந்து கையை நீட்டினார். "இங்க இல்ல ஓய், அந்தால போய்ப் பாரும்." ராட்சதன் ஒரு கணம் அப்பாவைப் பார்த்தான். தலையை ஆட்டினான். அப்பா காட்டிய பக்கம் போனான். அரங்கம் அதிர்ந்தது.

கடைசியில் சமையல்காரர் பீரங்கியால் சுட்டு அரங்கத்தையே ஓட்டை போட்ட பிறகு, ஒரு கிழவர் இன்னொருவரிடம் அடுத்த ஆட்டம் தொடங்குமுன் ஒன்றுக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்பார். முடியாது, நம்மை நாற்காலியோடு போல்ட் போட்டு முடுக்கி வைத்திருக்கிறார்களே என்பார் மற்றவர். நான் காதில் மொழிபெயர்த்தேன். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கார் வரை சிரித்தார். அந்த ஐந்து மாதத்தில் ஒன்பது தடவை அவரைக் கூட்டிப்போனேன். ஊருக்குப் போய்ப் படிப்புரையில் இந்தக் கதையைத்தான் சொன்னாராம்.

பிறகுதான் நான் தேடிப் படித்தேன். மப்பெட்டுகளை உருவாக்கியவர் ஜிம் ஹென்சன். 1955-ல் தன் அம்மாவின் பழைய கோட்டை வெட்டி, பிங்பாங் பந்தைப் பாதியாக்கிக் கண் வைத்து அந்தத் தவளையைச் செய்தார். இந்தக் காட்சியை இயக்கியவரும் அவரே. தவளையின் குரலும் அவருடையதுதான். 1990 மே 16-ல், 53 வயதில் இறந்துபோனார். சரியாக ஒரு வருடம் கழித்து, அதே தேதியில்தான் அரங்கத்தைத் திறந்திருக்கிறார்கள். நான் முதன்முதலில் சிரித்தபோது என்னைச் சிரிக்க வைத்த குரல் இருபது வருடத்துக்கு முன்பே அடங்கியது. எங்கள் ஊருக்கு வந்த கூத்துக்காரரின் குரலும் எங்கும் பதிவாகவில்லை, அவர் வராமல் போன வருடத்தோடு உச்சிக்குடும்பனும் வரவில்லை. இங்கே ஒரு மனிதரின் குரலை 34 வருடம் தினமும் பத்திரமாக வைத்திருந்தார்களே, அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றும்.

நான் இப்போது இந்த ஊர்க்காரிதான். ஐ-4 சாலையில் எந்த மணிக்கு எந்த வெளிவாசலில் நெரிசல் என்று தெரியும். புயல் எச்சரிக்கை வந்தால் பப்ளிக்ஸ் கடையில் தண்ணீர் தீருமுன் வாங்கி வைத்துவிடுவேன். கோடையில் மத்தியானம் மூன்று மணிக்கு இடி இடிக்கும், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதும் கைவந்துவிட்டது. ஆனால் அந்த மழை விழுந்து தார்ச்சாலை ஆவி விடும்போது, பட்டாபிஷேகம் முடிந்துவிட்டதா என்றுதான் மனது முதலில் கேட்கிறது.

கடைசி நாள் 2025 ஜூன் 7, சனிக்கிழமை. கூட்டம் தாங்காது என்று நாங்கள் மே மாதமே போய்விட்டோம். அந்த இடத்தில் மான்ஸ்டர்ஸ் இன்க் படத்தின் உலகம் வரப்போகிறது. மப்பெட்டுகளுக்குப் பூங்காவின் இன்னொரு மூலையில் இருக்கும் ரோலர் கோஸ்டரைக் கொடுக்கப்போவதாக அப்போதே அறிவித்திருந்தார்கள். எங்கோ ஓரிடத்தில் அவர்கள் இருப்பார்கள் என்பது ஆறுதல்தான். ஆனால் ரோலர் கோஸ்டரில் அலறல் உண்டு, பக்கத்து ஆள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க நேரம் ஏது?

அரங்கில் எங்கள் பின்னால் நாற்பது வயது ஆண்கள் மூவர். தண்ணீர் தெறித்தபோது ஒருவர் துடைக்கவே இல்லை. மகள் முயலுக்காகக் கையை நீட்டி, "அந்தால போய்ப் பாரும்" என்று தாத்தா குரலில் கத்தினாள். தாத்தா அப்படிச் சொன்னபோது அவளுக்கு மூன்று வயது, அவளுக்கு அது நினைவிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. விளக்கு வந்த பிறகும் பால்கனித் திரை மூடும் வரை நின்றோம். வெளியே வரும்போது மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். சாவி இருந்தது.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு இப்போது காது மந்தம், எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

"அப்பா, அந்த பால்கனித் தாத்தாங்க ஷோவ மூடப் போறாங்கப்பா."

"யாரு?"

"ரெண்டு கெழவன்மார்ப்பா. உச்சிக்குடும்பன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப நாக்காலில முடுக்குனத கழத்திருவானுவளா?"

"கழத்திருவாங்கப்பா."

"செரி செரி," என்றார். "முப்பது வருசமா அடக்கிட்டு இருக்கானுவோ. ஒண்ணுக்குப் போய்ட்டு வரட்டும்."