தலைகுந்தா உறைபனி நாட்குறிப்பு

ஜனவரி 8, மாலை, ஊட்டி

தம்பியோடு காரில் வந்தாயிற்று. இ-பாஸை முன்பே எடுத்துவிட்டோம். 2024 மே 7 முதல் வெளிமாவட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில்கள்.

உறைபனி பார்க்க வருகிறவர்கள் பலர் நேரே தொட்டபெட்டாவுக்குப் போகிறார்கள். 2,637 மீட்டர் உயரம், குளிரும் காற்றும் உண்டு. ஆனால் பனி பிடிப்பது பள்ளத்தில்தான். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் இறங்கித் தாழ்வில் தேங்கும். காற்று வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பு கலந்து எல்லாம் கெட்டுவிடும். தலைகுந்தா, காந்தள், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் அப்படித் தேங்கும் இடங்கள். இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்து பாருங்கள்: நட்சத்திரம் தெளிவாக, இலை அசையாமல் இருந்தால் அலாரம் வைக்கலாம்.

கண்ணாடிமேல் பழைய போர்வையை விரித்து, வைப்பரைத் தூக்கி நிறுத்தினோம். அறைக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போகும். கூடுதல் கம்பளி கேட்டு வாங்கிக்கொள்வதே நல்லது.

ஜனவரி 9, காலை, தலைகுந்தா

கூடலூர் சாலையோரம், 6 மணி. தம்பி கொண்டுவந்த இரண்டு தெர்மாமீட்டரில் ஒன்றைப் புல்மேல் கிடத்தினோம்: மைனஸ் 2. தோள் உயரத்தில் பிடித்தது 3 காட்டியது. செய்தியில் “3 டிகிரி” என்று படித்துவிட்டுப் பனி இருக்காது என்று திரும்பிப் படுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புல்லின் விளிம்பில்தான் முதலில் பிடிக்கிறது. கிட்டே குனிந்தால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் உப்புப் பரல் போல ஊசிகள், நடு நரம்பு மட்டும் பச்சை. “அக்கா, மூச்சு விடாதே, கரையுது” என்றான் தம்பி. உண்மைதான். மிதித்தால் தாள் ஒடிந்து, அந்தத் தடம் பிறகு பழுப்பாகிவிடும், சாலையோரத்திலிருந்தே பாருங்கள்.

சூரியன் 6.40 வாக்கில். வெயில் பட்ட இடம் அரை மணியில் தண்ணீர். மர நிழலில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.

போர்வை போடாத பக்கவாட்டுக் கண்ணாடியில் பனி இறுகியிருந்தது. வெந்நீர் ஊற்றக் கூடாது, கண்ணாடி விரிசல் விடும். பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, ஹீட்டரை மெல்ல ஏற்றினால் போதும். கேமரா பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும்; உபரியை உள்சட்டைப் பையில் வைக்கவும். அறைக்குள் போகுமுன் கேமராவைக் கவரில் போட்டு இறுக மூடாவிட்டால் லென்ஸில் நீர் கோக்கும்.

ஜனவரி 10, காலை

உருளைக்கிழங்குத் தோட்டத்தில் ஸ்பிரிங்ளர் ஓடுகிறது. வெயில் ஏறுமுன் பனியைக் கழுவிவிடுகிறார்கள். தேயிலையில் அப்படிக் கழுவாத இளங்கொழுந்து இரண்டொரு நாளில் கருகும். நமக்கு வேடிக்கை, அவர்களுக்கு அந்த மாதத்துப் பறிப்பு. பூஞ்செடிகளைத் தழையால் மூடி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 10, இரவு

மேகம் மூடிவிட்டது, காற்றும் உண்டு. நாளை நீர்ப்பனிகூடச் சந்தேகம். அலாரம் வைக்கவில்லை, விடிந்த பிறகு, இரண்டாம் கியரிலேயே கோத்தகிரி வழியாக இறக்கம்.