பிடி அரிசிப் பானை

காரைக்குடிக்கு மருமகளாக வந்தபோது, அடுப்படி மூலையில் இருந்த சிறு பானையைத்தான் மாமியார் முதலில் காட்டினார். உலை வைக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடி அரிசி போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும்.

அவர்கள் மெதடிஸ்ட் என்னும் புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த பழைய குடும்பம். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்தவர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு. காசு வாங்கப் போனவர் வீட்டுக் கஷ்டத்தையும் கேட்டு வந்தார். எனக்கு மிகவும் பிடித்த வரலாறு இது.

கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்கு மூன்று வாரமாக வராத ஒரு சிறுவனைத் தேடி நானும் போனேன். அப்பா சிங்கப்பூரில். அம்மாவுக்குக் காய்ச்சல், தங்கச்சியை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், சங்கீதம் 23 முழுசா படிச்சிட்டேன்" என்று அந்த வேதாகமப் பாடலை வாசலிலேயே ஒப்பித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அப்புறம் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் முறை வைத்துச் சோறு கொண்டுபோனார்கள், பிடி அரிசியில் பொங்கிய சோறு. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்குத் தங்கச்சியையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான்.