முந்தி வந்த துடிப்பு

ஜூன் 3
பிபி 154/98. நர்ஸ் இன்னொரு தடவை பட்டியைச் சுற்றி எடுத்தார். 150/96. "வயசு இருபத்தேழுதானா?"

ஜூன் 4
இடது பக்கம் சரிந்து படுத்தால் தலையணைக்குள் துடிப்பு கேட்கிறது. மழை இரைச்சலையும் மீறிக் கேட்கிறது. எண்ணினேன். 88. மறுபடி எண்ணினேன். 94.

ஜூன் 6
ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். அதைக் காகிதத்தில் கொட்டி அம்மாவிடம் காட்டினேன். "மீன் கொழம்புக்கே இது காணாதே மக்ளே" என்றாள். கருவாடு, மாங்காய் ஊறுகாய், அப்பளம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ரசத்தில் உப்பே இல்லை. அவளும் அதையே குடித்தாள்.

ஜூன் 9
நாகர்கோவில். டாக்டர் மணிக்கட்டையும் தொடையிடுக்கையும் சேர்த்துப் பிடித்து நாடி பார்த்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், மகாதமனி, எங்காவது குறுகியிருந்தால் கீழே துடிப்பு பிந்தி வருமாம். இந்த வயதில் பிபி என்றால் காரணம் தேட வேண்டும் என்றார். சிறுநீரகத்துக்கு ஸ்கேன், தைராய்டு, பொட்டாசியம். குறட்டை உண்டா என்றும் கேட்டார்.

ஜூன் 11
எல்லாம் சரியாக இருக்கிறது. பொட்டாசியம் 4.1. சந்தோஷப்பட வேண்டும்தான். ஆனால் காரணம் கிடைத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது தூங்கியிருப்பேன். அப்பா 41 வயதில் போனார். அன்று விடியற்காலையிலும் ரப்பர் பால் வெட்டப் போயிருந்தார், பாதி மரத்துச் சிரட்டைகளில் பால் அப்படியே கிடந்தது. அவருக்கு யாராவது ஒருமுறையேனும் பிபி பார்த்தார்களா? அம்மாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஜூன் 12
துடிப்பைப் பதிவு செய்யும் கருவி, ஹோல்டர், மாட்டியாயிற்று. 24 மணி நேரம், குளிக்கக்கூடாது. படபடத்தால் நேரத்தைக் குறிக்க வேண்டும்.
11.40 படி ஏறினேன்.
2.15 மார்த்தாண்டம், பஸ்ஸில். ஒரு துடிப்பு விட்டுப்போனது.
விடியற்காலை 3.05. பால் வெட்டும் நேரம். மறுபடி.

ஜூன் 15
விட்டுப்போகவில்லையாம். ஒரு துடிப்பு முந்தி வந்துவிடுகிறது, அப்புறம் ஓர் இடைவெளி, அடுத்தது பலமாக விழுகிறது. அந்த அடியைத்தான் நான் உணர்கிறேன். இதய ஸ்கேன் எக்கோவில் இதயம் நன்றாக இருப்பதால் அதற்குப் பயப்பட வேண்டாம், பிபியை விடக்கூடாது என்றார் டாக்டர். பிபி மாத்திரை அம்லோடிபின் 5, தினமும்.

ஜூன் 16
146/92.

ஜூன் 19
இன்று எனக்கு எடுக்கவில்லை. அம்மாவை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, கையை மேசைமேல் வைத்துப் பட்டியைச் சுற்றினேன். ஐந்து நிமிடம் பேசாமல் இரு என்றால் கேட்கிறாளா? அப்பாவின் பேச்சை எடுக்கிறாள். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. பட்டனை இன்னும் அழுத்தவில்லை.