ஐந்தாம் பக்கம்

மார்ச் 3
ஒரு ரபியின் (யூத மதகுருவின்) தாள்கள் காப்பகத்துக்கு வந்திருக்கின்றன. பதினோரு அட்டைப்பெட்டிகள். ஒன்பதில் தாள், ஒன்றில் டேப், ஒன்றில் போட்டோக்கள். மூன்றாம் பெட்டியில் மட்டும் பூஞ்சை. தூரிகை நுனி பட்டதும் பொடியாக உதிர்கிறது, ஈரமாக ஒட்டவில்லை. அதாவது காய்ந்த பூஞ்சை. ஆனாலும் தனி அறைக்குப் போய்விட்டது.
இவற்றை ஒப்படைக்கும் பத்திரத்தில் குடும்பத்தின் கையெழுத்து இன்னும் வரவில்லை.

மார்ச் 4
ரபி தன் பிரசங்கங்களைத் தேதிப்படி வைக்கவில்லை. வாராவாரம் ஜெபாலயத்தில் வாசிக்கும் தோரா (யூத வேதம்) பகுதிப்படி வைத்திருக்கிறார். ஆதியாகமம் தொடங்கி உபாகமம் வரை 54 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். அந்தப் பகுதிக்குரிய வாரம் வந்ததும் ஃபோல்டரை எடுப்பார், பழையதைத் திருத்துவார், வலது மேல் மூலையில் பென்சிலால் ஆண்டையும் ஊரின் முதலெழுத்தையும் போடுவார். ஒரே தாளில் நான்கு தேதிகள்கூட இருக்கின்றன. பக்கத்து ஊர்ச் சிறு சபைகளுக்கும் இவரேதான் போய்வந்தார்.
இதைப் பார்த்ததும் தேதி வரிசையில் அடுக்கிவிட யாருக்கும் கை துறுதுறுக்கும். செய்யவே கூடாது. நான்கு தேதியுள்ள தாளை எந்த ஆண்டில் வைப்பது? எதில் வைத்தாலும் மற்ற மூன்றும் தொலைந்தன. அவர் வைத்த வரிசைதான் அவர் எப்படி வேலை செய்தார் என்பதற்கு ஒரே சாட்சி. தேதி தேடுபவர்களுக்குப் பட்டியலில் தனி அட்டவணை போட்டால் போதும்.

மார்ச் 6
நாள் முழுக்க ஸ்டேப்ளர் பின்கள். பல்லுள்ள பின்பிடுங்கி வேண்டாம், மூலை கிழியும். தாளைக் குப்புறப் போட்டு, பின்னின் மடிந்த கால்களுக்கு அடியில் மெல்லிய பாலியஸ்டர் துண்டைச் செருகி, தட்டையான கத்தியால் ஒவ்வொரு காலாக நிமிர்த்தி, திருப்பி, முன்பக்கமாக மெல்ல இழுக்க வேண்டும். துரு ஒட்டிக்கொண்டிருந்தால் அவசரப்படக் கூடாது. வெங்காயச் சருகுத்தாளில் எடுத்த கார்பன் நகல்கள் சும்மாவே கிழியும்.
துளைகளைத் தொடாதே. மூலையை வெட்டாதே.

மார்ச் 7
ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு) மாலைப் பிரசங்கம், யூத ஆண்டு 5724. நான்காம் பக்கத்துக்கு அடுத்து ஆறு. ஐந்தைக் காணோம்.

மார்ச் 8
காணோம்.

மார்ச் 9
பெட்டியோடு வந்த பழைய பட்டியலில் இந்தப் பிரசங்கத்துக்கு 1964 என்று போட்டிருக்கிறது. தவறு. இந்தத் தவறு நடப்பது எப்படி என்று எழுதி வைக்கிறேன், இன்னும் பல தாள்களில் இருக்கும்.
மூலையில் நான்கு எபிரேய எழுத்துகள்: தாவ் 400, ஷின் 300, காஃப் 20, டாலெட் 4. கூட்டினால் 724. ஆயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம், ஆக 5724. அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 3760 கழித்தால் 1964 வரும். ஆனால் யூதப் புத்தாண்டு செப்டம்பரிலோ அக்டோபரிலோ பிறக்கிறது. பிறந்த நாளிலிருந்து டிசம்பர் 31 வரை 3761 கழிக்க வேண்டும். புத்தாண்டு, பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர், அதற்கு முந்தின மாலையின் கோல் நித்ரே வழிபாடு எல்லாம் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. ஒரு ரபி மிகக் கவனமாக எழுதும் பிரசங்கங்கள் எவையோ, அவைதான் ஒரு வருடம் தள்ளிப் பதிவாகின்றன.
சரியான தேதி 1963 செப்டம்பர் 18, புதன் மாலை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமில், கறுப்பினத்தவரின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தது செப்டம்பர் 15. மூன்றே நாள் இடைவெளி. இவர் இருந்தது பக்கத்து மாநிலமான மிசிசிப்பி. 1964 என்று போட்டால் பொதுவான அறவுரை. 1963 என்றால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அடிவயிறு கலங்கியிருக்கும். நான்காம் பக்கம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது.
கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் பேசிய, இதே மாநிலத்து ஹாட்டிஸ்பர்க் சபையின் ரபி சார்ல்ஸ் மான்டின்பாண்ட் டெக்சாஸுக்குப் போனதும் அதே 1963இல்தான்.

மார்ச் 10
கையெழுத்து வரவில்லை.

மார்ச் 12
டேப்கள். ஏழு அங்குலச் சுருள்கள், பதினான்கு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவுவது அசிடேட் நாடா, ஊடுருவாதது பாலியஸ்டர் நாடா. ஆறு அசிடேட், அதில் இரண்டில் வினிகர் வாடை. அவற்றை உடனே பிரித்து வைக்க வேண்டும், அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் அரிக்கும். கேட்டுப் பார்க்க ஆசைதான். ஓட்டினால் அறுந்துவிடும்.

மார்ச் 13
‘ஜாக்சன்’ (மிசிசிப்பியின் தலைநகர்) என்றொரு ஃபோல்டர். 1967 செப்டம்பர் 18இல் பெத் இஸ்ரேல் ஜெபாலயத்தில் குண்டு, நவம்பர் 21இல் அதன் ரபி பெரி நஸ்பாமின் வீட்டில் குண்டு. எல்லாம் செய்தித்தாள் கத்தரிப்புகள். பழுப்பேறி, தொட்டுக்கொண்டிருந்த கடிதத்திலும் தங்கள் நிழலைச் சதுரமாகப் பதித்துவிட்டன. அமிலமில்லாத தாளில் நகல் எடுத்தாயிற்று. தெர்மோஃபேக்ஸ் தாள்களை (வெப்பத்தால் எடுத்த பழைய நகல்கள்) முதலில் எடுக்க வேண்டும், அவை தாமாகவே கறுத்துக்கொண்டு வருகின்றன.

மார்ச் 16
இரட்டைப் பிரதிகளைக் கழிக்கும்போது இறைவனின் எபிரேயப் பெயர் உள்ள தாள் குப்பைக்குப் போகக் கூடாது. தனிப்பெட்டி. யூதக் கல்லறையில் புதைக்கக் கொடுப்போம்.

மார்ச் 18
சபையாரின் கடிதங்கள்: மணமுறிவு, கடன், ஒரு தற்கொலை முயற்சி. இவற்றைத் திறந்துவிடவும் முடியாது, எரித்துவிடவும் முடியாது. எத்தனை ஆண்டு பூட்டி வைப்பது என்பது அந்தக் கையெழுத்தோடு சேர்ந்த விஷயம். அதுவரை ஃபோல்டரின் மேல் ஆள் பெயர்கூட எழுத மாட்டேன். எண் மட்டும்.

மார்ச் 19
செப்டம்பர் 1963க்கான சைக்ளோஸ்டைல் மாத இதழ் கிடைத்தது. புத்தாண்டுப் பிரசங்கத் தலைப்பு ஒன்று அறிவித்திருக்கிறார்கள். தாளில் இருப்பது வேறு தலைப்பு. இதழ் மாதத் தொடக்கத்திலேயே போயிருக்கும். மூன்று நாளில் புதிதாக எழுதியிருக்கிறார்.

மார்ச் 20
ஐந்தாம் பக்கம்!
நிட்சாவிம் என்ற தோரா பகுதியின் ஃபோல்டரில் இருந்தது. 5 என்ற எண்ணை அடித்து 2 ஆக்கியிருக்கிறார். காட்டிக்கொடுத்தவை துளைகள். இடது மூலையில் இரண்டு ஜோடி: ஒன்று நேராக, புதிது. மற்றது சாய்வாக, சுற்றிலும் துரு வளையம். நான்காம் பக்கத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சாய்ந்த ஜோடி அப்படியே பொருந்துகிறது. வாக்கியமும் தொடர்கிறது. சிறுமிகளின் வயதைச் சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் பக்கம் திரும்பியிருக்கிறது.
பின்னாளில் இன்னொரு சபைக்கு இந்த ஒரு பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறார். மூலையில் 1968.
பழைய இடத்துக்குத் திருப்பவில்லை. அவர் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். 5724இல் நகலும் ஒரு குறிப்புத்தாளும்.

மார்ச் 21
மூன்றாம் பெட்டியைத் திறக்க வேண்டும். முகமூடி, உறிஞ்சும் மேசை, மென்தூரிகை தயார்.
கையெழுத்து வரவில்லை.