கடல் மாநாட்டுக்குப் போய் பிச்சாவரம் சேற்றில் இறங்கிய கதை

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தேன். செருப்பில் ஒட்டிய சேறு வாசலில் இன்னும் காயவில்லை, அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாகச் சொல்வதாகத்தான் திட்டம். ஆனால் மனசு முழுக்கப் பிச்சாவரம் காட்டுக்குள் வெட்டியிருக்கும் வாய்க்கால்கள்தான் ஓடுகின்றன.

கடலோரப் பாதுகாப்பு, இயற்கை மீட்பு பற்றிய ஆய்வு மாநாடு. புதுச்சேரியில் 2 நாள், மூன்றாம் நாள் பிச்சாவரத்தில் களப்பயணம். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு யார் செலவுக்குத் தருவார்கள், பதிவுக் கட்டணம் 3,000 ரூபாயைச் சொந்தக் காசில்தான் கட்டினேன். முதல் நாள் காலை முழுக்க வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப்பரிசு. மூன்று மணி நேரம்! பவளப்பாறை பற்றிப் பேச வந்த ஆராய்ச்சி மாணவிக்குக் கிடைத்தது 8 நிமிடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் 2 ஏற்கெனவே மூழ்கிவிட்டன, மிச்சத்தைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்று அவர் சொல்ல வரும்போது மணி அடித்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அரங்கத்தில் கேட்டதைவிடச் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நின்று தெரிந்துகொண்டதுதான் அதிகம். அங்கே குவிந்து கிடக்கும் கருங்கற்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், கடற்கரை என்றால் அங்கே அப்படித்தான் போல என்று நினைத்திருந்தேன். கூட வந்த ஒரு பொறியாளர் விளக்கினார். நம் கிழக்குக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1989இல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டியதும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது, வடக்கே கரை அரிக்க ஆரம்பித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினால் அது அடுத்த ஊருக்கு நகர்ந்துவிடும், அங்கேயும் கொட்டினால் அதற்கடுத்த ஊருக்கு. பொம்மையார்பாளையம் வரைக்கும் போய் மீனவர் வீடுகளைத் தொட்டது இந்தக் கணக்குதான். அப்புறம் 2018இல் கடலுக்கடியில் ஆப்பு வடிவில் ஓர் இரும்புத் திட்டை இறக்கி, ஒரு பகுதியில் மணலைத் திரும்ப வரவைத்திருக்கிறார்கள். அந்த மணலில் குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

மூன்றாம் நாள் களப்பயணத்துக்கு ஏசி வேன், தலைக்கு 1,500 ரூபாய் தனியாக. கையில் அவ்வளவு இல்லை, பேருந்திலேயே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு விடியற்காலை சிதம்பரம் வண்டியில் ஏறினேன். ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி நிற்கிறது, தூறல் அப்படியே மடியில் விழுகிறது, பின்சீட்டில் யாரோ கைப்பேசியில் சத்தமாகப் படம் பார்க்கிறார்கள். கடலூர் தாண்டி, புதுச்சத்திரம் பக்கத்தில் வண்டி நின்றேவிட்டது. அரை மணி நேரம் ரோட்டோரம் நின்று, பின்னால் வந்த கூட்டமான வண்டியில் ஏற்றிவிட்டார்கள், சிதம்பரம் வரை ஒற்றைக்காலில்தான் பயணம். இறங்கினால், பிச்சாவரம் பக்கத்து ஊரான கிள்ளைக்குப் போகும் பேருந்து அப்போதுதான் போயிருந்தது. ஆட்டோக்காரர் 700 கேட்டார். பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு 700! பேசிப் பேசி 450க்கு இறக்கினேன், அதுவே அதிகம். நேரம் இருந்தால் தயவுசெய்து பேருந்துக்குக் காத்திருங்கள்.

ஆனால் படகுத்துறையில் இறங்கியதும் அத்தனை எரிச்சலும் போய்விட்டது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, அதாவது உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் காடு. துடுப்புப் படகிலேயே போங்கள், மோட்டார் படகு குறுகிய ஓடைகளுக்குள் நுழையாது. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரித் தொங்குகிறது. வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே ஆயிரக்கணக்கில் குத்திட்டு நிற்கின்றன. பாடத்தில் எத்தனை வருஷமாக நடத்துகிறேன், நேரில் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஒரு மரத்தின் பக்கம் கையை நீட்டினேன், படகோட்டி ஐயா அதட்டினார்: "அத ஒடிக்காதம்மா, அது தில்லை. பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்." சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம்.

இப்போது வாய்க்காலுக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியிருக்கிறார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து, இறங்கி, தொட்டி மாதிரிக் குழிந்துவிட்டது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் நின்று வற்ற, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்த மண்ணில் எத்தனை கன்று நட்டாலும் கருகத்தான் செய்யும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து 1990களில் செய்த வேலை, முதலில் தண்ணீருக்கு வழி விட்டதுதான். ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்து, வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போகிறது. கன்று நட்டது அதற்கப்புறம்தான்.

மாநாட்டில் ஒவ்வொருவரும் எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்றுதான் படம் காட்டினார்கள். எத்தனை பிழைத்தது என்று கேட்ட ஒருவருக்கு நேரமில்லை என்று பதில். அந்த வாய்க்கால் வெட்டப் போனவர்களில் எங்கள் படகோட்டி ஐயாவும் ஒருவர்! சேறு சேரச் சேரத் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும், திட்டம் முடிந்து பணம் நின்றால் அதற்கு யார் வருவார்கள் என்று அவர் கேட்ட கேள்வியை இரண்டு நாள் மேடையில் யாரும் கேட்கவில்லை. அவரைத்தான் மேடையில் உட்காரவைத்திருக்க வேண்டும்.

சுனாமி பற்றியும் ஐயாவிடம் கேட்டேன். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் ஆய்வுகள் வந்தன, மேட்டில் இருந்ததும் கடலிலிருந்து தள்ளி இருந்ததும்தான் முக்கியக் காரணம் என்று மறுப்பும் வந்தது. அரங்கத்தில் அதற்குத்தான் நல்ல சூடான விவாதம் நடந்தது, அந்த ஒரு அமர்வுக்கே கட்டணம் தகும். ஐயா சொன்னது: "தண்ணி வந்துச்சும்மா, ஆனா காட்டுக்குள்ள பூந்து வர்றப்ப வேகம் செத்துப் போச்சு."

மதியம் கிள்ளையில் ஒரு வீட்டுத் திண்ணையில் சாப்பாடு. இருளர்கள் காலையில் ஓடையில் இறங்கிக் கையால் துழாவிப் பிடித்த இறால், சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுச் சுண்ட வைத்த தொக்கு, சுடுசோறு, 120 ரூபாய். இந்த வேர்களுக்கு நடுவில் வளர்ந்த இறால்தான் அது. மூன்று தடவை சோறு வாங்கினேன். மாநாட்டு விருந்தில் வைத்த பனீர் எல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

வேனைத் தவிர்த்தும் மொத்தம் 6,200 ரூபாய் ஆகிவிட்டது, இந்த மாதம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஐயாவின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்து தூர் வாரும்போது கூப்பிடுகிறேன் என்றார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர், ஒரு வண்டி வாடகை, படகு, எல்லோருக்கும் அந்த இறால் சோறு. எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுத் திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் கொடுக்கப் போகிறேன்.