கோத்தகிரிக் குளிரில் குப்பை சூடான கதை

மதுரையில் இருந்தபோது மொட்டைமாடியில் இரண்டு மண்தொட்டி வைத்திருந்தேன். காய்கறிக் கழிவைப் போட்டு, மேலே கொஞ்சம் தேங்காய்நார்த் தூளைத் தூவி மூடிவிடுவேன். ஐம்பது நாளில் கறுகறுவென்று உரம் கிடைத்துவிடும். அக்கம்பக்கத்தில் நாலு பேருக்குப் பாடம்கூட எடுத்திருக்கிறேன். அந்த உரத்தைச் செய்தது நானல்ல, மதுரை வெயில்தான் என்பது கோத்தகிரிக்குக் குடிவந்த பிறகுதான் புரிந்தது.

கணவருக்கு மாற்றலானதால் வந்தோம். சரிவில் ஒரு வாடகை வீடு. பின்னால் மூன்று படிகளாக வெட்டிய கொஞ்சம் நிலம். ஒரு காலத்தில் தேயிலை நின்ற மண், புளிப்பு அதிகம். பீன்ஸ் விதைத்தால் இரண்டு இலை விட்டு மஞ்சளாகி நின்றுவிட்டது. கீழ்வீட்டில் இரண்டு மாடு வைத்திருக்கும் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "எரு போடாமல் இந்த மண்ணில் எதுவும் வராதம்மா" என்றார். எருதானே, நானே செய்துகொள்கிறேன் என்று தோன்றியது. அந்த இறுமாப்புக்குத்தான் அடுத்த ஒன்றரை ஆண்டு விலை கொடுத்தேன்.

ஜூன் மாதம் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம் வாங்கி, சுற்றிலும் துளை போட்டு, சமையலறைக் கழிவைத் தினமும் கொட்டினேன். மக்க வைக்கும் நுண்ணுயிர்த் தூள் என்று ஒரு பொட்டலம் தபாலில் வரவழைத்து அதையும் தூவினேன். ஆகஸ்டில் மூடியைத் திறந்தால் உள்ளே உரமும் இல்லை, குப்பையும் இல்லை. பச்சையும் பழுப்புமாக ஒரு கூழ். அழுகிய முட்டை நாற்றம். கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நீ உரம் போடவில்லை, ஊறுகாய் போட்டிருக்கிறாய்" என்றார். கேலியாகச் சொன்னாலும் அதுதான் உண்மை. காற்றுப் புகாத ஈரத்தில் குப்பை மக்குவதில்லை, புளித்து அழுகுகிறது. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். அதை உறிஞ்சக் காய்ந்த பொருள் எதையும் நான் சேர்க்கவில்லை. மதுரையில் அந்தத் தண்ணீரை வெயில் குடித்துவிட்டது. இங்கே ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், பகலிலேயே ஸ்வெட்டர் போடும் மழைக்காலத்தில், யார் குடிப்பது?

இதற்கிடையில் கரடி வேறு. மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் சாலைக்கே யானை வந்துவிடும். அங்கிருந்து வாங்கிவந்த பழத்தின் தோலையும் சடையையும் டிரம்முக்குள் போட்டிருந்தேன். மறுநாள் காலை டிரம் இரண்டு படி கீழே உருண்டு கிடந்தது, மூடியைக் காணோம். ஈரமண்ணில் பதிந்திருந்த பாதத்தைப் பார்த்த அக்கா, "இரவில் வெளியே வராமல் இருந்தாய், நல்லது" என்று மட்டும் சொன்னார். கோத்தகிரியில் கரடி வருவது செய்தியே இல்லை. அன்றிலிருந்து பழத்தோல், சோறு, எண்ணெய் பட்ட எதுவும் மேலாகப் போவதில்லை. பழத்தோல் குவியலின் நடுவில் ஆழமாகப் புதைந்துவிடும். மீந்த சோறும் குழம்பும் குவியலுக்கு வருவதே இல்லை.

நாற்றத்தைப் போக்க யாரோ சுண்ணாம்பு தூவச் சொன்னார்கள். புளிப்பு மண்ணுக்கும் சுண்ணாம்புதானே போடுகிறார்கள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அள்ளித் தெளித்தேன். பத்து நிமிடத்தில் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி. செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) என் கண்முன்னே காற்றோடு போய்க்கொண்டிருந்தது. சுண்ணாம்பு தேவையென்றால் அதைத் தனியாக மண்ணுக்குக் கொடுக்க வேண்டும், மக்கும் குப்பைக்கு அல்ல.

மதுரைக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் புலம்பினேன். "குழி வெட்டிப் போடு, தாத்தா அப்படித்தான் போடுவார்" என்றார். தாத்தா ஊரில் வருஷத்துக்கு நாலு மழை. இங்கே குழி வெட்டினால் குளமாகிவிடும். ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய வேளாண் அறிஞர் 1920களில் இந்தூரில் வகுத்த உரம் தயாரிக்கும் முறையைப் பற்றிப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வறண்ட காலத்தில் குழியில் செய்தவர்கள், மழைக்காலத்தில் தரைக்கு மேலே குவியலாகப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஆண்டில் பாதி மழைக்காலம். ஆகவே குவியல்தான், அதுவும் கூரை போட்ட குவியல்.

இன்னொரு உண்மை உறைக்க வெகுநாள் ஆனது. மக்கும்போது சூட்டை உண்டாக்குவது நுண்ணுயிர்கள். சிறிய குவியலில் அந்தச் சூடு பிறந்த வேகத்தில் குளிரில் கரைந்துவிடுகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடியாவது இருந்தால்தான் நடுவில் சூடு தங்கும். அதையும் தினம் ஒரு கிண்ணமாக நிரப்பக் கூடாது, ஒரே மூச்சில் நிரப்ப வேண்டும். அவ்வளவு குப்பைக்கு எங்கே போவது? பச்சைக்கு வழி எளிதாகக் கிடைத்தது. காய்கறிக் கடைக்காரர் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் மேலிலைகளை மூட்டை மூட்டையாகக் கொடுத்தார். எடுத்துப் போனால் போதும் என்றார். சாணம் அக்காவிடம். பஞ்சம் சருகுக்குத்தான்.

மலையில் சருகா பஞ்சம் என்று கேட்பீர்கள். நிறைய உண்டு, ஆனால் எல்லாம் நனைந்து கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை காயும் நாட்களில் சேர்த்தால்தான் உண்டு. தேயிலைத் தோட்ட ஓரத்து சில்வர் ஓக் இலை நிறையக் கிடைக்கும். ஆனால் அது தோல்போலத் தடித்தது. முழுசாகப் போட்டால் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும், அரிவாளால் கொத்திப் போட வேண்டும். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை எண்ணெய்ப் பசையுள்ளது, மக்க மனமே வராது, அதை ஒதுக்கிவிட்டேன். சீகை (வாட்டில்) மரத்துப் பொடியிலை அருமையானது. மரத்தூள் ஒரு சாக்கு வாங்கி, கைப்பிடி கைப்பிடியாகத்தான் சேர்த்தேன். அது அதிகமானால் குவியல் மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். முட்டை அட்டையும் கிழித்துப் போட்ட அட்டைப்பெட்டியும் மீதியை ஈடுகட்டின. பதினோரு சாக்கு சேர்ந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சரக்கு ஏற்றும் பழைய மரத்தட்டுகள் நான்கை நிறுத்திக் கட்டி, உட்புறம் கோழிவலை அடித்து, மேலே சாய்வாகத் தகரம் போட்டோம். அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சுள்ளி; கீழிருந்து காற்று ஏற வேண்டும் அல்லவா. அதன்மேல் மூன்று கூடை சருகு, ஒரு கூடை பச்சை, கரைத்த சாணம், ஒரு பிடி தோட்டத்து மண் என்று மாற்றி மாற்றி அடுக்கினோம். இடையிடையே ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்ப்பேன். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் சருகு, உதிர்ந்தால் தண்ணீர். சாயங்காலம் குவியல் என் மார்பளவுக்கு வந்து நின்றது.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் காலை பனி இறங்கியிருந்தது. பால் வாங்கப் போனவள் பின்பக்கம் பார்த்தேன். தகரத்துக்கும் குவியலுக்கும் நடுவிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. நேற்றே குத்தி வைத்திருந்த இரும்புக் கம்பியை உருவித் தொட்டேன், கை சுட்டது. பால் பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடி, கேக் செய்ய வாங்கிய தெர்மாமீட்டரை எடுத்துவந்தேன். 61 டிகிரி! வெளியே 9 டிகிரி. கணவரை எழுப்பிக் கூட்டிவந்து கம்பியைத் தொடச் சொன்னேன். அவரும் ஊறுகாய்ப் பேச்சை அத்தோடு நிறுத்தினார். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் பெரும்பாலான களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் ஒழியும். ஆனால் அந்தச் சூடு நடுவில்தான். ஓரத்தில் இருப்பவை தப்பித்துவிடும்.

அதற்காகத்தான் கிளறுவது. சூடு 45க்கு இறங்கியதும் வெளிப்பக்கம் இருந்ததை உள்ளே தள்ளிப் புரட்டினேன். மறுபடி 58 ஏறியது. முதல்முறை புரட்டியபோது நடுவில் சாம்பல் பூத்ததுபோல் வெள்ளையாகப் படர்ந்திருந்ததைப் பார்த்துப் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிட்டது என்று பயந்தேன். அது ஆக்டினோமைசீட்டுகள் என்ற நுண்ணுயிர்க் கூட்டம். புதுமழை பெய்த மண்ணின் வாசனையே அவற்றால்தான் வருகிறதாம். இப்போது அந்த வெள்ளையைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. நான்கு முறை கிளறினேன். நாலாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

சூடு அடங்கிய பிறகுதான் பொறுமை தேவைப்பட்டது. மூன்றாம் மாதமே பார்ப்பதற்கு உரமாகிவிட்டது. ஒரு கிண்ணத்தில் போட்டுக் கடுகு விதைத்துப் பார்த்தேன். பாதிகூட முளைக்கவில்லை, முளைத்ததும் சுருண்டது. இன்னும் பக்குவமாகவில்லை என்று அர்த்தம். ஜூலைக் கடைசியில் மறுபடி விதைத்தபோது பச்சைக் கம்பளம்போல் எழுந்தது. அதற்குள் மண்புழு தானாகவே அடியிலிருந்து ஏறியிருந்தது, யாரும் வாங்கி விடவில்லை. மார்பளவு குவியல் முழங்காலுக்கு வந்துவிட்டது. சலித்ததில் ஐந்து சாக்கு தேறியது. "மக்கும்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஒரு பை மட்டும் எழுத்துக்கூட அழியாமல் வந்தது. வீட்டுக் குவியலில் அது மக்காது, உரம் செய்யும் ஆலையின் சூடு வேண்டுமாம்.

போடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிக்குயூ புல்லின் வேரும் புளியாரைக் கிழங்கும் எந்தச் சூட்டுக்கும் ஓரமாக ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். அவற்றைத் தகரத்தின்மேல் காயவைத்துக் கொன்ற பிறகுதான் உள்ளே விடுவேன். உருளைக்கிழங்குச் செடியும் வேரும் மண் ஒட்டிய தோலும் அறவே கிடையாது. 1961இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழுவின் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதை நானே சலித்துப் பாத்தி பாத்தியாகப் பரப்ப வேண்டாம்.

பீன்ஸ் இந்த முறை கொடியேறிக் காய்த்தது. குவியலின் மூலையில் யாரும் நடாத மேராக்காய் (சௌசௌ) ஒன்று முளைத்துக் கூரைத் தகரத்தை மூடிவிட்டது. கேரட் மட்டும் இரண்டு கால் முளைத்து வந்தது, அதற்குப் பாத்தியில் கல் பொறுக்காத என் சோம்பல் காரணம். அக்கா ஒரு சாக்கு உரம் கேட்டு வாங்கிப்போனார், பதிலுக்கு இரண்டு சாக்கு சாணம். அவருக்கு நஷ்டம்தான் என்று நினைக்கிறேன், சொல்லவில்லை.

அடுத்த குவியலுக்கு இப்போது ஏழு சாக்கு சருகு கையில் இருக்கிறது. இன்னும் நாலு வேண்டும். வானம் இரண்டு நாளாக மூடியே கிடக்கிறது. நாளைக் காலை மழைக்கு முன்னால் சாலை பெருக்குகிறவரைப் பிடித்துவிட்டால் கிடைத்துவிடும்.